மூத்தவரின் முதல் பிள்ளை

முதல் தடவை பார்த்தபோதே எனக்கு ஆன்ட்டியைப் பிடிக்காமல் போய்விட்டது. நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் தெரிந்தவர் வீட்டில், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற பாட்லக். கல்யாணமாகி நான் அமெரிக்கா வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். பிரியாணித் தட்டோடு ஓரமாக நின்றவளிடம் அவராக வந்து, எந்த ஊர், அத்தா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். திண்டுக்கல் என்றேன், தோல் வியாபாரம் என்றேன். அதெல்லாம் எல்லாரும் கேட்பதுதான். அடுத்த கேள்விதான் வினையானது.

"கூடப்பொறந்தவங்க எத்தன பேரு?"

"என்னையும் சேர்த்து நாலு பேர் ஆன்ட்டி."

"செத்தவங்களையும் சேத்தா சொல்லுத?"

வாயில் வைத்த கறித்துண்டை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்படி யாரும் இல்லை என்றேன். "அம்மாகிட்ட கேட்டியா?" என்றார். கேட்டதில்லை என்றேன். "கேளு" என்று சொல்லிவிட்டு, தயிர்ப்பச்சடி எடுக்கப் போய்விட்டார். என்ன பொம்பளை இது, விருந்துக்கு வந்த இடத்தில் என்ன பேச்சு இது என்று வழியெல்லாம் என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் சிரித்தார். அவருடைய ஆபீஸ் நண்பர்கள் ஆன்ட்டிக்கு வைத்திருந்த பெயரே 'சாவு ஆன்ட்டி'யாம். புதிதாக வருகிற ஒருவரையும் அவர் விடமாட்டாராம்.

கோபம் இருந்தாலும் கேள்வி குடைந்தது. காலிங் கார்டைத் தேய்த்து அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில் கேட்டேன். அம்மா பேச ஆரம்பித்தது. எனக்கு முன்னால் ஒரு பெண், தம்பிக்குப் பின்னால் ஒரு பையன். பெண்ணுக்கு நெற்றியில் சுழி இருந்ததாம். பையன் பால் குடிக்கும்போது ஒரு கையால் அம்மாவின் காதைப் பிடித்துக்கொள்வானாம். கார்டில் காசு தீரும்வரை அம்மா பேசியது. "இத்தன வருஷத்துல ஒருத்தரும் கேக்கலடி" என்றது. அன்றைக்குத்தான் ஆன்ட்டி மேல் இருந்த கோபம் போனது. பயம் போகவில்லை.

ஆளைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. குட்டையான உருவம். நரைத்த கிராப்பு. மெல்லிய வாயல் புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற வெள்ளை ஷூ, மேலே ஆண்கள் போடுகிற கனத்த கோட். அது அவர் கணவருடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவர். விமானம் ஏறின அன்றைக்கு இருந்த தமிழ் அப்படியே அவரிடம் நின்றுபோயிருந்தது. காரை 'பிளஷர்' என்பார். செல்போனில் பேசினாலும் டிரங்க் கால் பேசுகிறவர் மாதிரிதான் கத்துவார்.

கணவர் வெள்ளைக்காரர், உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவரை ஆன்ட்டி 'அவிய' என்றுதான் சொல்வார். நான் பழகும்போது அவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் டெக்சஸில், இர்விங்கில் வேலை. அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு போனை வைக்கிற ரகம்.

அந்தக் கணவரின் வம்சம் லேசுப்பட்டதில்லை. முந்நூறு வருஷங்களுக்கும் முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, நியூ ஜெர்சியில் காட்டை வெட்டிக் குடியேறிய ஒரு பீப்பாய்த் தச்சரின் வம்சம். ஆன்ட்டி அவரை 'மூத்தவர்' என்பார், பக்கத்துத் தெருவில் இருக்கிற மாமனாரைச் சொல்வதுபோல. மூத்தவரின் தலைமகன்தான் அந்தக் குடியிருப்பில் பிறந்த முதல் ஆங்கிலேயக் குழந்தை என்று பெயர். ஊர்ப் பூங்காவில் அதற்கு ஒரு பித்தளைப் பலகைகூட உண்டு. வம்சத்தார் எல்லாரும் அந்தத் தலைமகனின் வழியில் வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வருஷா வருஷம் கோடையில் கூடுவார்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு தரம் வம்சாவளிப் புத்தகம் ஒன்று போடுவார்கள். அதில் பெயர் இருந்தால்தான் அந்த வம்சத்தில் ஆள் இருந்ததாக அர்த்தம்.

அவர் கணவர் உயிரோடு இருந்தவரை அந்தக் கூட்டங்களுக்குப் பாதி வருஷங்கள் போனதே இல்லையாம். அவர் இறந்த பிறகு ஆன்ட்டி முழுமூச்சாக இறங்கினார். வம்சத்தாரின் பழைய பதிவுகளைத் தேடி நூலகம், கோர்ட், சர்ச், இடுகாடு என்று அலைந்தார். "வெள்ளைக்காரன் வம்சத்துக்கு நம்ம ஊரம்மா பட்டா போட்டுக் குடுக்குது" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அவர்களுடைய ஆட்களுக்கே இல்லாத அக்கறை இவருக்கு எதற்கு என்று நானும் நினைத்ததுண்டு.

கண்ணில் புரை வந்து ஆன்ட்டி கார் ஓட்டுவதை நிறுத்தியபோது, எனக்கு லைசென்ஸ் புதிதாகக் கிடைத்திருந்தது. வேலைக்கு வந்தவரின் மனைவிக்குக் கொடுக்கிற எச்-ஃபோர் விசாவில் வேலை பார்க்கவும் முடியாது. பகல் முழுக்க அபார்ட்மென்ட் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அவருக்கு வண்டி ஓட்டுவது மேல் என்று போனேன். ரூட் டுவென்டி டூவில் லாரிகளுக்கு நடுவே ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி ஓட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாட்டுக்கு, மூத்தவரின் ஏழாவது மகள் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று சொல்லிக்கொண்டு வருவார். "ஆன்ட்டி, கொஞ்சம் சும்மா இருங்க, நாம இறங்குற எக்ஸிட் தவறிப் போயிரும்" என்பேன். "போனா அடுத்த எக்ஸிட்ல திரும்பு பிள்ள. அவ ஒண்ணும் ஓடிப்போயிர மாட்டா" என்பார்.

இடுகாட்டு வேலையில் ஒரு பக்குவம் உண்டு. அது தெரியாமல் ஒருமுறை நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன். பழைய செங்கல் நிறக் கல்லறைக் கற்களில் எழுத்து தேய்ந்து போயிருக்கும். கண்ணுக்கே தெரியாது. அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, மறுமுறை போகும்போது ஒரு பொட்டலம் இடியாப்ப மாவு கொண்டுபோனேன். ஆன்ட்டி அந்தப் பக்கம் போனதும் கல் முழுக்கப் பூசித் துடைத்தேன். எழுத்து பளிச்சென்று வந்தது. பெருமையாகக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்ன காரியம் செஞ்சிருக்க பிள்ள? மாவு கல்லுக்குள்ள போயி ஒக்காந்துக்கும். மழ பெஞ்சா பாசி பிடிக்கும். பத்து வருஷத்துல எழுத்த அரிச்சுப்போடும்லா. இந்தப் பொம்பளைக்கு மிச்சம் இருக்கது இந்தக் கல்லு ஒண்ணுதான்."

அன்றைக்கு மதியம் முழுக்க, பல் தேய்க்கிற பிரஷும் தண்ணீருமாக, யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் கல்லை நான் கழுவினேன். குளிப்பாட்டி முடித்த பிறகுதான் அவர் தன் வித்தையைக் காட்டினார். டிக்கியில் பழைய புடவை சுற்றி ஒரு ஆளுயரக் கண்ணாடி வைத்திருந்தார். அதைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் கல்மேல் சாய்த்து விட்டால், ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுந்து தானாக எழும்பி வருகிறது. தொடவே வேண்டாம்.

திரும்பி வருகிற வழியில், அவரைச் சமாதானப்படுத்த, அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா கதையைச் சொன்னேன். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இவர் பிறந்ததும் குப்பையில் கிடத்தி, பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லி, மூக்குக் குத்தி, பிச்சை மைதீன் என்று பெயர் வைத்தார்கள். கலெக்டர் ஆபீஸில் சூப்பரின்டெண்டாக ரிடையர் ஆகிறவரை அந்த மூக்கு ஓட்டை இருந்தது. ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க பக்கமும் உண்டும். இந்த வெள்ளக்காரங்க நேர்மாறு, தெரியுமா? செத்த பிள்ளை பேரையே அடுத்தாப்ல பொறக்க பிள்ளைக்கு வச்சிருவாங்க. பேரு விட்டுப்போகக் கூடாதாம். பேரு நின்னுரும். அந்தப் பிள்ளதான் இல்லாமப் போயிரும்."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். மகளுக்கு முன்னால் அவருக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். ஒரு வாரம்போல இருந்தான். நெஞ்சில் ஏதோ கோளாறு. பெயரையும் சொன்னார். இவர் படுக்கையில் இருந்தபோதே ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப்போய்ப் பொதுப் புதைநிலத்தில் புதைத்துவிட்டார்கள். கல் வைக்கலாமா என்று கேட்டதற்கு, ஒரு வாரப் பிள்ளைக்குக் கல் எதற்கு, சீக்கிரம் இன்னொன்று பெற்றுக்கொள் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

"அவிய ஒண்ணும் பேசல. அவங்கப்பாவுக்கு முன்னால அவிய பேசவே மாட்டாவ. எந்த எடம்னு கேக்க எனக்கும் அப்போ தைரியம் வரல. தைரியம் வந்தப்போ அங்க கட்டடம் கட்டிட்டாங்க. அதான் பிள்ள, அந்தப் புஸ்தகத்துல ஒரு வரி. அவிய பேருக்குக் கீழ, பிள்ளைங்கன்னு போட்டிருக்க எடத்துல. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

இத்தனை அலைச்சலும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வயது நிறையாத பிள்ளைகளைப் புத்தகத்தில் சேர்ப்பதில்லை என்பது சங்கத்து விதி. அவர் எழுதிக் கேட்டு இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். வம்சத்துக்காக இவ்வளவு உழைத்தால் அடுத்த பதிப்பிலாவது மனம் இரங்குவார்கள் என்பது கணக்கு. அதன் பிறகு நான் எக்ஸிட்டைப் பற்றி முணுமுணுத்ததில்லை.

அந்தத் தலைமகன் விஷயத்தில்தான் வினை வந்தது. மூத்தவரின் சர்ச்சை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் தலைமகன் கல் என்று ஒன்று இருந்தது. பாதிக்கு மேல் மண்ணில் புதைந்து, பெயர் மட்டும் வெளியே தெரியும். கூடுகை நடக்கிற நாளில் எல்லாரும் அங்கே போய்ப் பூ வைப்பார்கள். ஆன்ட்டியும் பல வருஷம் வைத்தவர்தான். ஒருநாள் எங்கள் கையில் வேறு வேலை எதுவும் இல்லை. சும்மா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அவர் தன் இரண்டு கையையும் விரித்துக் கல்லின் அகலத்தை அளந்து பார்த்தார்.

"இது பெரிய ஆளு கல்லு இல்ல பிள்ள" என்றார். "நான் ஒரு கல்லுக்கு வெல கேட்டவ. எனக்குத் தெரியும், இது என்ன அளவுன்னு."

ஏற்கெனவே அவருக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. புத்தகத்தில் போட்டிருக்கிறபடி பார்த்தால், தலைமகன் கல்யாணம் செய்தபோது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில், சொந்த நிலமிருக்கிற வீட்டுப் பையன் அதுவரை சும்மா இருப்பானா? கணக்கு உதைக்கிறது என்று அடிக்கடி சொல்வார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் அனுமதி கேட்டு, சர்ச் பாதிரியாரிடமும் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் கல்லடி மண்ணை மரக்கரண்டியால் மெல்ல ஒதுக்கினோம். நான் கண்ணாடியைப் பிடித்தேன். வெயில் சாய்ந்ததும் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழும்பி வந்தது. இன்னாருடைய மகன். வயது இரண்டு.

குடியிருப்பில் பிறந்த முதல் குழந்தை இரண்டு வயதில் செத்துப்போயிருக்கிறது. பிறகு வரிசையாகப் பெண்கள். பல வருஷம் கழித்துப் பிறந்த பையனுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். வம்சத்தார் எல்லாரும் இந்தப் பின்னவன் வழி வந்தவர்கள். இரண்டு பிள்ளைகளையும் யாரோ எப்போதோ ஒன்றாக்கிவிட்டார்கள், அதனால்தான் கல்யாண வயதுக் கணக்கு உதைத்திருக்கிறது. ஆன்ட்டி அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன். அழவில்லை. கல்லின் தலையில் கை வைத்திருந்தார்.

சங்கத்துப் புத்தகத்தைப் பதிப்பிக்கிறவர் ஆன்ட்டி கணவருடைய ஒன்றுவிட்ட அக்கா. எண்பதை நெருங்குகிறவர். எப்போதும் கழுத்தில் முத்துமாலை. ஆன்ட்டி போனில் சொன்ன மூன்றாம் நாள் அவரே கார் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். டீ போட்டுக் கொடுத்தவள் நான்தான், அதனால் எல்லாவற்றையும் கேட்டேன். அந்தம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. குரல் உடைந்து பேசினார். பித்தளைப் பலகை வைக்க என் அப்பா பாடுபட்டார், என் ஆயுசெல்லாம் இந்தப் புத்தகத்தில் போயிருக்கிறது, இனி எனக்கு இன்னொரு பதிப்பு கிடையாது, நான் போன பிறகு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். கடைசியாகக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உன் பையனை இந்தப் பதிப்பில் நான் சேர்த்துவிடுகிறேன். கமிட்டி என் பேச்சைத் தட்டாது" என்றார்.

அவர் போனதும் நான் குதிக்காத குறைதான்.

"ஆன்ட்டி, சரின்னு சொல்லிருங்க."

"ம்."

"முந்நூறு வருஷமா யாருக்கும் தெரியாது. இன்னும் பத்து வருஷம் தெரியாட்டி என்ன குடி முழுகிப் போச்சு? இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டீங்க?"

"ஆமா பிள்ள. இதுக்குத்தான்."

மகளும் டெக்சஸிலிருந்து போனில், "அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் ஸே யெஸ்" என்றாளாம். அந்த ஒரு மாதம் ஆன்ட்டி பாதியாக இளைத்துப்போனார். பாட்லக்கில் புது ஆட்களைப் பார்த்தால்கூட ஒன்றும் கேட்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். சாவு ஆன்ட்டிக்கு என்ன ஆச்சு என்று என் வீட்டுக்காரரே விசாரித்தார்.

கூடுகை ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். நீலச் சட்டைக் கிழவர்கள், தொப்பி போட்ட பாட்டிமார்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள் என்று தோட்டம் நிறைந்திருந்தது. டிக்கியைத் திறக்கச் சொல்லி ஆன்ட்டி கண்ணாடியை எடுத்தபோதுதான் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் ஆன்ட்டி" என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பேச்செல்லாம் பேசவில்லை. பூ வைக்கிற நேரத்தில், நாங்கள் திரும்ப மூடிவைத்திருந்த கல்லடி மண்ணைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, முத்துமாலை அம்மாவைப் பார்த்து, நீங்களே வந்து படியுங்கள் என்று மட்டும் சொன்னார். கண்ணாடியைத் தானே பிடித்துக்கொண்டார். அந்தம்மா அசையாமல் நின்றார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். கடைசியில் குனிந்தார். முத்துமாலை கல்லில் இடித்தது. படித்தார். திரும்பவும் படித்தார். நிமிரும்போது ஆன்ட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிந்தது. எல்லாருக்கும் கேட்கிற குரலில், "இரண்டு வயது" என்றார். வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அதன் பிறகு யாரும் ஆன்ட்டியிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் கூடுகைக்கு வாங்கி வைத்திருந்த கேக்கை மட்டும் வெட்டாமல் விடவில்லை.

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. அந்தம்மா நேர்மையானவர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். முதல் பக்கத்திலேயே திருத்தியிருந்தார். மூத்தவருக்குக் கீழே, முதல் பிள்ளை, பெயர், இரண்டு வயதில் இறந்தான் என்று தனி வரி. ஒரு வயது நிறைந்த பிள்ளை, அதனால் விதியும் குறுக்கே வரவில்லை. நான் கடகடவென்று பின்னால் புரட்டினேன். ஆன்ட்டியின் கணவர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே மகள் பெயர் மட்டும் இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தம்மா மேல், சங்கத்தின் மேல், எல்லாரையும்விட ஆன்ட்டி மேல். கையில் வந்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறீர்களே என்று கத்தினேன். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்காக உங்கள் பிள்ளையை விட்டுவிட்டீர்களே என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா, சொல்லு? பெத்தவ செத்து முந்நூறு வருஷம் ஆச்சு. எம்பிள்ளைக்கு நான் இருக்கேம்லா" என்றார்.

அடுத்த வருஷம் நாங்கள் கலிபோர்னியாவுக்கு, பிளசன்டனுக்கு மாறிப்போனோம். ஆன்ட்டி வாராவாரம் கூப்பிட்டுக் கத்துவார். இரண்டாயிரத்து ஒன்பது குளிர்காலத்தில் அந்த போன் நின்றது. தூக்கத்திலேயே போய்விட்டதாக மகள் சொன்னாள். இப்போது அவர் பிள்ளைக்கு அவரும் இல்லை.

இவ்வளவு சொல்லியும் ஆன்ட்டியின் பெயரை நான் சொல்லவில்லை. மகளுக்குப் பிடிக்காது. பையன் பெயரைச் சொல்ல யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அருள். நியூ ஜெர்சியில் பிறந்தான். ஒரு வாரம் இருந்தான்.